உங்களுக்குத் தெரியுமா? மூக்கில் கொம்புள்ள மலையக ஓணான்

நுவரெலியா, ஹக்கலை, ஹோர்ட்டன் சமவெளிக் காடுகளில் மூக்கு நுனியில் ஒற்றைக் கொம்பு நீட்டிய ஓணான் வாழ்கிறது. ஆணின் கொம்பு நீளமானது, பெண்ணுக்குச் சிறியது. இலங்கை மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இது இல்லை.

அதே காட்டில் இன்னொரு அதிசயம் குட்டை ஓணான். பாசி படர்ந்த கிளையை வாலால் சுற்றிப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல நகரும். முட்டையிடாது, குட்டி போடும்! மண்ணில் முட்டை பொரிப்பதைக் கடினமாக்கும் குளிருக்கு ஏற்ற வழி இது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

அமெரிக்கக் கண்டத்து இகுவானாக்களுக்கு இவை தூரத்து உறவு. அழிந்துவிட்டதென நினைத்த ஜமைக்கா இகுவானா 1990இல் மீண்டும் கண்ணில் பட்டது. குஞ்சுகளை மிருகக்காட்சிசாலையில் வளர்த்துக் காட்டில் விட்டுக் காப்பாற்றிவருகிறார்கள்.

நம் ஓணான்களுக்கும் ஆபத்து உண்டு: அவற்றைச் செல்லப்பிராணிச் சந்தைக்குக் கடத்துகிறார்கள். இலங்கையின் முன்மொழிவை ஏற்று 2019இல் அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகம் குறித்து ஜெனீவாவில் நடந்த மாநாடு குட்டை ஓணானின் சர்வதேச வணிக விற்பனையைத் தடைசெய்தது. கொம்பு ஓணானை ஏற்றுமதி செய்யவும் அனுமதிப்பத்திரம் கட்டாயமானது.