புட்டியின் லேபிள் சொல்வதும் சொல்லாததும்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி வீடுகளில் விருந்தினர் கூட்டம் நிறைவது வழக்கம். அருவியில் குளித்து வந்த களிப்பில் பந்தி நடக்கும்போது, வெளியூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் ஒயின் புட்டியை எடுத்து வைத்து, "இது திராட்சைச் சாறுதானே, இதயத்துக்கு நல்லது" என்று சொல்வதும் உண்டு. அண்மையில் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர் அந்தப் பந்தியில் அமர்ந்திருந்தால் என்ன செய்வது? புட்டியின் லேபிளைப் படித்தால் விடையில் ஒரு பாதி கிடைக்கும்.

லேபிளில் என்ன இருக்க வேண்டும் என்பதை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் மதுபான ஒழுங்குமுறைகள் வரையறுக்கின்றன. 2018-இல் வெளியிடப்பட்ட இவ்விதிகள் 2019 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. இவற்றின்படி, ஆல்கஹால் எத்தனை விழுக்காடு என்பதைக் கட்டாயம் அச்சிட வேண்டும். மது உடல்நலத்திற்குக் கேடு, குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர் என்னும் எச்சரிக்கையும் இருக்க வேண்டும். 0.5 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் உள்ள பானத்தைப் 'போதை தராதது' என்று குறிப்பிடலாகாது. நோயாளிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, உடல்நலத்திற்கு நன்மை தரும் என்னும் எந்தக் கூற்றும் லேபிளில் இடம்பெறக் கூடாது என்பதே. ஆகவே 'இதயத்துக்கு நல்லது' என்பது உறவினரின் சொல்லாக இருக்கலாம். புட்டியின் சொல்லாக இருக்க முடியாது. பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க மது அளவே இல்லை என உலகச் சுகாதார நிறுவனமும் 2023 ஜனவரியில் தெளிவுபடுத்தியுள்ளது.

விழுக்காட்டைப் பார்த்து எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். மேற்கண்ட விதிகள் 12.7 மில்லி தூய ஆல்கஹாலை ஓர் அளவு மதுவாகக் கொள்கின்றன. 12 விழுக்காடுள்ள 750 மில்லி புட்டியில் 90 மில்லி ஆல்கஹால் இருக்கிறது. அதாவது ஏறத்தாழ ஏழு அளவு. 150 மில்லி கொண்ட ஒரே கோப்பையில் 18 மில்லி, அதாவது ஓர் அளவுக்கும் மேல். 'ஒரு கோப்பைதானே' என்பவர் இதை அறிந்திருப்பதில்லை.

நீரிழிவு உள்ளவர்கள் லேபிளில் வழக்கமாகத் தேடும் ஊட்டச்சத்துப் பட்டியல் மதுப்புட்டிகளில் இருக்காது. மதுவைச் சத்துணவாகக் காட்டக் கூடாது என்பதற்காக விதிகளே அதை விலக்கியுள்ளன. நோக்கம் நல்லதுதான், ஆனால் சர்க்கரைக் கணக்குப் பார்ப்பவருக்கு அது ஓர் இடைஞ்சல். ஒயினில் 'டிரை', 'ஸ்வீட்' என்னும் சொற்களைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாம். பன்னாட்டு வழக்கில் ஸ்வீட் வகை என்பது லிட்டருக்கு 45 கிராமும் அதற்கு மேலும் சர்க்கரை கொண்டது. ஆனால் இனிப்பில்லாத ஒயினும் நீரிழிவுக்காரருக்குத் தீங்கற்றதன்று. இன்சுலினோ சில மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர் வெறும் வயிற்றில் மது அருந்தினால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகக் குறையக்கூடும். அந்த மயக்கத்தைப் போதை என்றெண்ணி வீட்டார் படுக்கவைத்துவிடுவதே பெரும் ஆபத்து.

ஆஸ்துமா உள்ளவர்கள் 'சல்ஃபைட்' என்னும் சொல்லைத் தேட வேண்டும். ஒயின் கெடாதிருக்கச் சேர்க்கப்படும் இப்பொருள் சிலருக்கு மூச்சிரைப்பைத் தூண்டும். கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் ஒவ்வாமைப் பொருளாக அறிவிக்க வேண்டும் என்பது சட்டம்.

இனி, லேபிள் சொல்லாத மறுபாதி. உங்கள் கல்லீரலின் நிலை அதற்குத் தெரியாது. நீங்கள் விழுங்கும் மாத்திரைகளும் தெரியாது. மெட்ரோனிடசோல் எடுக்கும் நாட்களில் மதுவைத் தவிர்க்குமாறு மருந்துக் குறிப்புகள் எச்சரிக்கின்றன. குடியை நிறுத்துவதற்காக டைசல்ஃபிராம் எடுப்பவருக்குச் சிறிதளவு ஆல்கஹாலும் கடும் வாந்தி, படபடப்பு, இரத்த அழுத்தச் சரிவு ஆகியவற்றைத் தரக்கூடும். சில இருமல் மருந்துகளில் உள்ள ஆல்கஹாலே அதற்குப் போதும்.

இங்கே நம் வீட்டு அலமாரியையும் பார்க்க வேண்டியிருக்கிறது. திராட்சாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்கள் திராட்சைக் கஷாயத்தை வெல்லமும் தாதகிப்பூவும் சேர்த்து நொதிக்கவைத்துச் செய்யப்படுபவை. நொதிக்கும்போது ஆல்கஹால் தானாகவே உண்டாகிறது. இவை மருந்துச் சட்டத்தின்கீழ் வருவதால் ஒயினுக்குரிய எச்சரிக்கை இவற்றில் இருக்காது. ஆயினும், பல புட்டிகளில் தானே உண்டான ஆல்கஹால் இத்தனை விழுக்காடு என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். 10 விழுக்காடுள்ள அரிஷ்டத்தை வேளைக்கு 30 மில்லி வீதம் இருவேளை குடித்தால், நாளொன்றுக்கு 6 மில்லி ஆல்கஹால் உடலில் சேரும். அதாவது ஓர் அளவு மதுவில் ஏறக்குறையப் பாதி. 'நான் மதுவைத் தொடுவதே இல்லை' என்று உண்மையாகவே கூறும் பாட்டி இதை மருத்துவரிடம் சொல்வதில்லை; சொல்ல வேண்டும் என்று யாரும் கேட்பதுமில்லை. அடுத்த முறை வரும்போது மாத்திரை அட்டைகளோடு அந்தப் புட்டியையும் கொண்டுவந்து காட்டுங்கள்.

தயாரித்தவரின் பெயரும் முகவரியும், 14 இலக்க உணவு உரிம எண்ணும் இல்லாத ஒயின் புட்டியை, யார் அன்பளித்தாலும் திறக்க வேண்டாம். பொய்யான, தவறாக வழிநடத்தும் லேபிளோடு உணவுப்பொருள் விற்றால், 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். புகாரை 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தெரிவிக்கலாம். புட்டியை வீசிவிடாமல், லேபிள் தெளிவாகத் தெரியுமாறு படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.