ஊசி நேராக நிற்க

இசைத்தட்டை வெட்டும் கருவி விளிம்பிலிருந்து மையம் நோக்கி நேர்கோட்டில் நகர்கிறது. வீட்டுப் பிளேயரில் ஊசியைத் தாங்கும் டோன்ஆர்ம் ஒரு முனையில் ஊன்றி, வில்லாக வளைந்து செல்கிறது. ஆகவே ஊசி இரண்டே இடங்களில்தான் பள்ளத்துக்குச் சரியான கோணத்தில் அமையும். 1938-இல் லோஃப்கிரென் என்பவரும் 1941-இல் பேயர்வால்ட் என்பவரும் இந்தக் கோண வழுவைக் குறைக்கும் கணக்கைத் தந்தார்கள். இன்று பரவலாகப் பின்பற்றப்படும் பேயர்வால்ட் அமைப்பில், எல்பி தட்டுக்கு அவ்விடங்கள் மையத்திலிருந்து 66, 120.9 மில்லிமீட்டர் தூரத்தில் உள்ளன. அச்சிட்ட அளவுத்தாளை வைத்து, ஊசி பொருத்திய கார்ட்ரிட்ஜின் திருகுகளைத் தளர்த்தி நகர்த்தினால் போதும், பொறுமைதான் வேண்டும்.

அதற்கு முன் ஊசி தட்டை அழுத்தும் எடையைச் சரிசெய்ய வேண்டும். பல காந்தக் கார்ட்ரிட்ஜ்களுக்கு அது 1.5 முதல் 2 கிராம். எடை குறைந்தால் தட்டு பிழைக்கும் என்பது தவறான நம்பிக்கை. பிடிப்பிழந்த ஊசி பள்ளத்தின் சுவரில் மோதிச் சிதைக்கும்.

புனேயின் கேம்ப் பகுதியிலோ சென்னையிலோ பழைய கடையில் கிடைக்கும் கொல்கத்தா டம்டம் ஆலை எல்பி தட்டுகளில் கடைசிப் பாட்டைக் கவனிக்க வேண்டும். விளிம்பில் நொடிக்கு 51 சென்டிமீட்டர் ஓடும் பள்ளம், அங்கே சுமார் 21 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. அமைப்பு பிசகினால் ‘ச’, ‘ஸ’ ஒலிகள் அங்கேதான் முதலில் சீறும். ஒரு பக்கச் சேனலில் மட்டும் சீறினால், டோன்ஆர்மை உள்நோக்கி இழுக்கும் விசையைச் சமன்செய்யும் ஆன்டி-ஸ்கேட்டைத் திருத்திப் பார்க்கலாம்.