தாத்தா காலத்து ஹெரால்டு இன்ஜினை வீட்டிலேயே பிரித்துக் கட்ட முடியுமா? பவர் எங்கிருந்து வரும்? சட்டம் என்ன சொல்கிறது?

வீட்டுப் பின்புறம் தார்ப்பாய் போட்டு மூடிய பழைய கார். ஸ்டார்ட் பண்ணினால் நீலப் புகை, மேட்டில் பிக்கப் இல்லை, ஆயிலை குடிக்கிறது. "பழைய இரும்புக்குப் போட்டுடலாம்" என்று ஒருவர் சொல்ல, "இன்ஜினை நாமே பிரிச்சுக் கட்டலாம், கொஞ்சம் வேகமாவும் ஆக்கலாம்" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டாவது ஆள் சொல்வது நடக்கிற காரியமா? காஞ்சிபுரம் பக்கம் முசரவாக்கம் மாதிரி கொட்டகை போட இடமுள்ள ஊர்களில் வீட்டிலேயே எவ்வளவு வேலை செய்யலாம், எதற்கு லேத் பட்டறைக்குப் போக வேண்டும், எந்த இடத்தில் ஆர்.டி.ஓ. சிக்கல் வரும்? விரிவாகப் பார்ப்போம்.

ஏன் ஹெரால்டு?

ஸ்டாண்டர்டு ஹெரால்டு நம்மூர் கார். சென்னை ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூர் – வண்டலூர் பகுதியில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம், 1961 முதல் இதைத் தயாரித்தது. மூலம் பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டு. 1972-ல் இதன் அடுத்த வடிவமாக 'கேசல்' வந்தது. கடைசியாக 1980-களில் வந்த ஸ்டாண்டர்டு 2000 கார் எடுபடாமல் போக, கார் தயாரிப்பே நின்றுவிட்டது.

வீட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் காரில் ஒரு பெரிய வசதி உண்டு. முன்பக்க மட்கார்டோடு சேர்ந்து பானெட் முழுவதும் முன்னோக்கிச் சாயும். இன்ஜின் மூன்று பக்கமும் திறந்து கிடக்கும், முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

இன்ஜினும் எளிமையானது. 4 சிலிண்டர், 948 சி.சி., சிலிண்டர் குறுக்களவு 63 மி.மீ., ஸ்ட்ரோக் 76 மி.மீ. கிராங்க் ஷாஃப்டைத் தாங்குவது மூன்று மெயின் பேரிங் மட்டுமே. பிளாக், ஹெட் இரண்டும் வார்ப்பிரும்பு. கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் கிடையாது. இதே குடும்ப இன்ஜின்தான் பிறகு 1147, 1296, 1493 சி.சி. என வளர்ந்து டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் போன்ற ஸ்போர்ட்ஸ் கார்களில் போனது. அதனால்தான் பிரிட்டனில் இதற்கான உதிரி பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன.

பிரிக்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

நேராக ஸ்பேனரைக் கையில் எடுக்கக் கூடாது. முதலில் மூன்று சோதனைகள்:

• கம்ப்ரஷன் சோதனை: நான்கு பிளக்கையும் கழற்றி, கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டராகப் பாருங்கள். அளவு குறைவாக இருந்தால், அந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடியும் பாருங்கள். அளவு ஏறினால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கிறது. ஏறவே இல்லை என்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட்.

• கிராங்க் ஆட்டம்: ஒருவர் கிளட்ச்சை மிதிக்க, இன்னொருவர் முன்பக்க கிராங்க் புல்லியைக் கவனிக்க வேண்டும். புல்லி கண்ணுக்குத் தெரியும்படி முன்னே நகர்ந்தால், 'த்ரஸ்ட் வாஷர்' தேய்ந்துவிட்டது. இந்தக் குடும்ப இன்ஜினின் பெயர்போன பலவீனம் இதுதான். வாஷர் கழன்று விழுந்தால் கிராங்க் இரும்போடு இரும்பாக உரசி, பிளாக்கையே கெடுத்துவிடும்.

• ஆயில் பிரஷர்: சூடான பிறகு பிரஷர் விழுந்தால் பேரிங் தேய்மானம்.

வீட்டில் எது, லேத் பட்டறையில் எது?

"முழுக்க வீட்டிலேயே செய்தேன்" என்று சொல்பவர்கள்கூட சில பாகங்களைப் பட்டறைக்குக் கொடுத்துத்தான் வாங்கியிருப்பார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டில் செய்யக்கூடியவை: இன்ஜினை இறக்குதல், பிரித்தல், கழுவுதல், அளத்தல், வால்வு உரசி உட்கார வைத்தல், எடை பார்த்தல், திரும்பப் பூட்டுதல்.

பட்டறைக்குப் போக வேண்டியவை: போர் போடுதல், ஹோனிங், கிராங்க் கிரைண்டிங், ஹெட் ஃபேஸிங், வால்வு சீட் பதித்தல், கிராங்க் – ஃபிளைவீல் பேலன்ஸிங்.

இறக்கும்போது ஒரு எச்சரிக்கை. இன்ஜின் 100 கிலோவுக்கு மேல் கனக்கும். ஓட்டுக் கொட்டகையின் மர உத்தரத்தில் செயின் பிளாக் மாட்டுவது ஆபத்து. இரும்பு முக்காலியோ இன்ஜின் கிரேனோ வாடகைக்கு எடுப்பதே சரி. தொங்கும் இன்ஜினுக்குக் கீழே கையோ காலோ போகக் கூடாது.

பிரிக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுங்கள். பிஸ்டன், கனெக்டிங் ராட், பேரிங் கேப், புஷ் ராட் எல்லாவற்றுக்கும் எந்த சிலிண்டர், எந்தப் பக்கம் என்று அடையாளம் போடுங்கள். ஒரு சிலிண்டரின் பேரிங் கேப் இன்னொன்றுக்குப் பொருந்தாது. மாற்றிப் போட்டால் கிராங்க் இறுகிவிடும்.

அளப்பதுதான் உண்மையான வேலை

இந்தக் காரில் எல்லாமே அங்குலக் கணக்கு. மெக்கானிக்குகள் சொல்லும் ஒரு 'தவ்' என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 0.025 மி.மீ. தலைமுடியைவிட மெல்லிய அளவு. மைக்ரோமீட்டர், போர் கேஜ், ஃபீலர் கேஜ் மூன்றும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

சிலிண்டர் மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு, குறுக்கே ஒரு அளவு என்று வேறுபட்டால் புது ரிங் மட்டும் போட்டுப் பயனில்லை. கொஞ்ச நாளில் மறுபடியும் புகை தள்ளும். அடுத்த ஓவர்சைஸ் பிஸ்டன் வாங்கி போர் போட வேண்டும். இங்கே வரிசை முக்கியம். முதலில் பிஸ்டன் கைக்கு வர வேண்டும், அதை அளந்து பார்த்த பிறகே பட்டறையில் போர் போட வேண்டும். போர் போட்டுவிட்டு பிஸ்டன் தேடினால் பிளாக் வீணாகலாம்.

திரும்பப் பூட்டும்போது பார்க்க வேண்டிய சில அளவுகள்:

• ரிங் இடைவெளி: குறுக்களவில் ஓர் அங்குலத்துக்கு 3 முதல் 4 தவ் என்பது பொதுக் கணக்கு. ஹெரால்டின் 63 மி.மீ. போருக்கு சுமார் 8 முதல் 10 தவ்.
• கிராங்க் முன்பின் ஆட்டம்: சுமார் 4 முதல் 8 தவ்.
• டப்பட் இடைவெளி: இன்ஜின் குளிர்ந்த நிலையில் 10 தவ்.
• ஃபயரிங் ஆர்டர்: 1-3-4-2.

போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று தவணையில் முறுக்க வேண்டும். 'கை கணக்கு' இங்கே செல்லாது.

சுத்தமும் அப்படித்தான். காஞ்சிபுரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பாவில் ஓர் இழை அறுந்தால் சேலை நெடுக அந்தக் கோடு ஓடும். ஹோனிங் செய்த தூள் ஆயில் வழியில் கொஞ்சம் தங்கினால், அதே மாதிரி எல்லா பேரிங்கிலும் கோடு விழும். பட்டறையிலிருந்து வந்த பிளாக்கை சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்துக் கழுவி, உடனே துடைத்து ஆயில் தடவிவிடுங்கள். வெள்ளைத் துணியில் கறுப்பு ஒட்டாத வரை கழுவ வேண்டும்.

பவர் எங்கிருந்து வருகிறது?

"போர் பெருசா போட்டா பவர் ஏறும்" என்பது பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. ஹெரால்டு இன்ஜினை 20 தவ் பெரிதாகப் போர் போட்டால் 948 சி.சி. என்பது 963 சி.சி. ஆகும். 40 தவ் போட்டாலும் 978 சி.சி.தான். 20 தவுக்குக் கிடைப்பது இரண்டு சதவீதம்கூட இல்லை.

ஆனால் 1959-ல் பிரிட்டனில் ஹெரால்டு அறிமுகமானபோது, அதே 948 சி.சி. இன்ஜின் சாதாரண காரில் 34.5 குதிரைத்திறனும், கூபே மாடலில் 45 குதிரைத்திறனும் கொடுத்தது. 30 சதவீதம் அதிகம்! சிலிண்டர் அளவு மாறவில்லை. ஒரு கார்பரேட்டருக்குப் பதில் இரண்டு, கூடுதல் கம்ப்ரஷன். அதாவது இன்ஜின் நன்றாக மூச்சு விட்டது, அவ்வளவுதான்.

கம்ப்ரஷன் கணக்கும் எளிது. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 237 சி.சி. கம்ப்ரஷன் விகிதம் 8 என்றால், பிஸ்டன் மேலே வந்ததும் மிஞ்சும் இடம் சுமார் 33.8 சி.சி. விகிதம் 8.5 ஆக வேண்டுமானால் அது 31.6 சி.சி. ஆக வேண்டும். வித்தியாசம் வெறும் 2.2 சி.சி. ஹெட்டைக் கொஞ்சம் ஃபேஸிங் செய்தாலே கிடைத்துவிடும். ஆனால் முதலில், மருந்துக்கடை சிரிஞ்சில் ஆயில் எடுத்து நான்கு அறையின் அளவையும் பாருங்கள். பார்க்காமல் சீவினால் தட்டும் சத்தம் வரும், பிஸ்டன் ஓட்டையாகும்.

வீட்டில் செலவே இல்லாமல் செய்யக்கூடிய ட்யூனிங் இரண்டு. ஒன்று, நான்கு பிஸ்டனையும் நான்கு ராடையும் டிஜிட்டல் தராசில் வைத்து, கனமானவற்றை லேசாகத் தேய்த்து எடையைச் சமன் செய்வது. இரண்டு, மேனிஃபோல்டு ஓட்டையும் ஹெட் ஓட்டையும் கேஸ்கட்டோடு நேராகச் சேரும்படி ஓரங்களை ராவுவது.

நம்ம ஊருக்கு இது புதிதும் அல்ல. இரண்டாம் உலகப் போர் கால விமான ஓடுதளமான சோழவரத்தில் கார் ரேஸ் நடந்த காலத்தில், ரோட்டில் ஓடிய கார்களின் இன்ஜின்களைத்தான் இப்படிச் சீர்செய்து ஓட்டினார்கள். கோவையைச் சேர்ந்த எஸ்.கரிவரதன், சாதாரண மாருதி 800 இன்ஜினை வைத்தே 'ஃபார்முலா மாருதி' ரேஸ் காரை உருவாக்கினார். 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்தது.

இன்றைய பெட்ரோல் ஒத்துக்கொள்ளுமா?

இரண்டு பிரச்னைகள். ஹெரால்டு உருவான காலத்தில் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அது வால்வு உட்காரும் இடத்துக்குக் கவசம் மாதிரி வேலை செய்தது. இந்தியாவில் 2000-ல் ஈயம் நிறுத்தப்பட்டது. வார்ப்பிரும்பு ஹெட்டில் நேரடியாக உட்காரும் எக்சாஸ்ட் வால்வு, வேகமாக ஓட்டும்போது சீட்டைத் தேய்த்து உள்ளே இறங்கும். ஹெட் பட்டறையில் இருக்கும்போதே கடினமான எக்சாஸ்ட் வால்வு சீட் பதித்துவிடுவது நல்லது.

அடுத்தது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் ஆகியவற்றை அரிக்கும், ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் காரில் டேங்க் துருப்பிடிக்கும். இன்ஜின் வேலையோடு சேர்த்து எத்தனாலைத் தாங்கும் ஹோஸ், டயாஃப்ரம் போட்டுவிடுங்கள். கலவை மெலிவதால் கார்பரேட்டர் ஜெட்டையும் சரிபார்க்க வேண்டும்.

முதல் 20 நிமிடம்

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் வரும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள். புது கேம் ஷாஃப்ட் போட்டிருந்தால் ஸ்டார்ட் ஆனதும் ஐட்லிங்கில் விடக் கூடாது. சுமார் 2,000 ஆர்.பி.எம்.-ல் 20 நிமிடம் ஓட வேண்டும். இல்லாவிட்டால் முதல் நாளே கேம் தேய்ந்துவிடும். மூடிய கொட்டகைக்குள் மட்டும் ஓட்டாதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. முதல் 500 கி.மீ.-ல் ஆயில் மாற்றுங்கள், அதுவரை முழு வேகம் வேண்டாம்.

வேகம் கூடினால் நிறுத்தவும் தெரிய வேண்டும். ஹெரால்டின் பின்பக்க 'ஸ்விங் ஆக்சில்', வளைவில் வேகமாகப் போய் திடீரென ஆக்சிலரேட்டரை விட்டால் சக்கரத்தை உள்ளே மடக்கும் குணம் கொண்டது. கேசல் காரில் நிறுவனமே அதை விட்டுவிட்டு சாதாரண ஆக்சிலுக்கு மாறியது. பிரேக், டயர், சஸ்பென்ஷன் சரியில்லாமல் இன்ஜினுக்கு மட்டும் பவர் ஏற்றுவது உயிரோடு விளையாடுவது.

சட்டம் என்ன சொல்கிறது?

பழுதுபார்ப்பது வேறு, மாற்றுவது வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.-யில் உள்ள விவரங்கள் நிறுவனம் சொன்னதிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. பிளாக்கே மாறினால் இன்ஜின் நம்பரும் மாறிவிடும். முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பேசிவிடுங்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் தாண்டிய வாகனத்தை 'விண்டேஜ்' ஆகப் பதிவு செய்யலாம். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' எழுத்துகள் வரும், புதிய பதிவுக்கு கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். ஆனால் வாகனம் அசல் வடிவில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. தினசரி ஓட்டவும் முடியாது. ரேலி, கண்காட்சி, பெட்ரோல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம்.

ஆக, 1960-களின் ஹெரால்டு வைத்திருப்பவர் ஸ்பேனரை எடுக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். அசல் அளவில் கட்டி விண்டேஜ் பதிவுக்குப் போவதா, பவர் ஏற்றி டிராக்கில் மட்டும் ஓட்டுவதா? எதுவானாலும் பழைய பிஸ்டன், கார்பரேட்டர், மேனிஃபோல்டு எதையும் எடைக்குப் போடாதீர்கள். பேரன் அசல் நிலைக்குத் திருப்ப நினைத்தால் அவைதான் கைகொடுக்கும்.