பேயரசன் பாட்டு

ஐரோப்பிய இசை வரலாற்றில் 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியைப் புனைவியற் காலம் என வழங்குவர். அதற்கு முற்பட்ட ஐடன், மோசார்ட் ஆகியோர் இசையிலும் உணர்ச்சி உண்டு. ஆயினும் அஃது அளவிலும் அமைப்பிலும் அடங்கி நின்றது. புனைவியலாரோ உணர்ச்சியின் போக்கிற்கேற்ப அமைப்பையே மாற்றத் துணிந்தனர். இரவு, காடு, தனிமை, பழங்கதை முதலியன அவர்கள் விரும்பிய பொருள்கள். அவர்தம் நெறியை ஒரு பாட்டைக் கொண்டே அறியலாம்.

வியன்னாவில் பள்ளியாசிரியர் ஒருவரின் மகனாக 1797-இல் பிறந்தவர் பிரான்சு சூபர்ட். அவர் தம் 18-ஆம் வயதில், 1815-இல், செருமானியப் பெருங்கவிஞர் கதே இயற்றிய 'பேயரசன்' என்னும் கதைப்பாட்டிற்கு இசை அமைத்தார்.

காற்று வீசும் இரவில், தந்தை ஒருவன் தன் மகனை அணைத்தவாறு குதிரையை விரைந்து செலுத்துகிறான். சிறுவன் கண்ணுக்கு மட்டும் பேயரசன் புலனாகி, இன்சொற் கூறி அழைக்கிறான். அது மூடுபனி என்றும், சருகின் ஓசை என்றும் தந்தை தேற்றுகிறான்.

பியானோவில் வலக்கை ஒரே சுரத்தை மும்மூன்றாக ஓயாது ஒலிக்கிறது. அதுவே குதிரையின் குளம்பொலி. அதுவே அஞ்சிய நெஞ்சின் துடிப்பும் ஆகும். பாடுவோர் ஒருவரே, குரல்களோ நான்கு. கதை கூறுவோன் குரலோடு, தந்தையின் குரல் தாழ்ந்தும், மகனின் குரல் உயர்ந்தும் ஒலிக்கும். பேயரசன் குரல் கொடூரமாக இருக்கும் என்றே நாம் எதிர்பார்ப்போம். சூபர்ட் அவனுக்கே இனிய மெட்டுகளை அளித்தார். அச்சம் அதனாலேயே மிகுகின்றது. சிறுவன் தந்தையை விளித்து அலறுந்தோறும் சுரம் மேலும் ஏறுகிறது. முடிவில் குதிரை வீட்டை அடையக் குளம்பொலி நிற்கிறது. மகன் இறந்துவிட்டான் என்னும் செய்தி வெறும் பேச்சுப் போலச் சொல்லப்படுகிறது.

1816-இல் நண்பர் ஒருவர் இதனைக் கதேக்கு அனுப்பினார். மறுமொழி ஏதுமின்றி அது திரும்பி வந்தது. செய்யுளே முதன்மையானது, எல்லாக் கண்ணிகளுக்கும் ஓர் எளிய மெட்டுப் போதும் என்பது கதேயின் கொள்கை. தம் கவிதையை இசை விழுங்கிவிடலாகாது என்று கவிஞர் எண்ணுதல் இயல்பே. எனினும், அச்சிறுவனின் முதல் அலறலும் இறுதி அலறலும் ஒரே மெட்டில் அடங்குமோ?

இப்பாட்டு 1821-இல் அச்சேறியது. 600-க்கும் மேற்பட்ட பாடல்களுக்கு இசை அமைத்த சூபர்ட், 1828-இல் தம் 31-ஆம் வயதில் மறைந்தார். 1830-இல் சுரோடர் தெவ்ரியன் என்னும் புகழ்பெற்ற பாடகி, முதியவரான கதேயின் முன் இப்பாட்டைப் பாடினார். முன்பு இதனை விரும்பாதிருந்த கவிஞர், அன்று மனமுவந்து போற்றினார். அப்புகழுரையைக் கேட்கச் சூபர்ட் உயிருடன் இல்லை.