திரையில் தெரியும் கிலோமீற்றரை நம்பலாமா?

பெற்றோல் கார் ஓட்டிப் பழகிய நமக்கு மின்சாரக் கார் புதிய கணக்கொன்றைக் கற்றுத் தருகிறது. பெற்றோல் காரில் தாங்கியில் உள்ள எரிபொருளை முள் காட்டும். எவ்வளவு தூரம் ஓடும் என்பதை நாமே அனுமானித்துக் கொள்வோம். மின்சாரக் காரோ, "இன்னும் 140 கிலோமீற்றர்" என்று திரையிலேயே காட்டிவிடுகிறது. அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு பயணம் புறப்படுபவரும், சேமிப்பையெல்லாம் கொடுத்துப் பாவித்த கார் வாங்குபவரும் ஏமாறக்கூடாது என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

நம் நாட்டு வீதிகளில் பலரும் கண்டிருக்கும் நிசான் லீஃப் காரையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்த முதல் லீஃப் காரின் பெற்றரி 24 கிலோவாற் மணி கொண்டது. 2017இல் வந்த புதிய வகைக்கு அது 40 ஆனது. இதில் குழப்பம் எதுவுமில்லை. வீட்டு மின்கட்டணப் பட்டியலில் ஓர் "அலகு" என்று வருவதும் ஒரு கிலோவாற் மணிதான். எனவே 40 அலகு கொள்ளும் தாங்கி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே கார், மூன்று தூரம்

இந்த 40 அலகுக் கார் முழுச் சார்ஜில் 400 கிலோமீற்றர் ஓடும் என்றது அன்றைய ஜப்பானியப் பரிசோதனை முறை. ஐரோப்பியக் கணக்கில் அது 270. அமெரிக்கக் கணக்கில் 243. கார் மாறவில்லை, அளந்த முறைதான் மாறியது. ஆகவே விற்பவர் தூரம் சொன்னால், "எந்த நாட்டுக் கணக்கு?" என்று கேட்பதில் தவறில்லை.

திரையில் தெரியும் தூரமும் ஓர் அனுமானமே. பெற்றரியில் மீதமுள்ள மின்சாரத்தை, அண்மையில் நீங்கள் ஓட்டிய விதத்தோடு பொருத்திக் கார் கணக்கிடுகிறது. நேற்று நகரத்தில் மெதுவாக ஓடிய கார் இன்று காலை தாராளமாகக் காட்டும். அதிவேக வீதியில் ஏறியதும் காற்றின் எதிர்ப்பு கூடி, அந்தத் தூரம் மளமளவென்று குறையும். நால்வரோடு கண்டிக்கு ஏறினால், சுமார் 500 மீற்றர் உயரம் செல்வதற்கு மட்டும் ஏறக்குறைய இரண்டரை அலகு மேலதிகமாகச் செலவாகும். இறங்கி வரும்போது அதில் ஒரு பகுதி பெற்றரிக்குத் திரும்பும், முழுவதும் திரும்பாது.

விரைவுச் சார்ஜரின் கணக்கு

சார்ஜரில் 50 கிலோவாற் என்று எழுதியிருப்பது அது தரக்கூடிய உச்ச அளவு. எவ்வளவு வேண்டும் என்று கேட்பது கார்தான். 40 அலகை 50ஆல் வகுத்தால் 48 நிமிடத்தில் நிரம்ப வேண்டும். ஆனால் 80 வீதம் நிரம்பவே சுமார் 40 நிமிடம் என்று நிசான் நிறுவனமே கூறுகிறது. எஞ்சிய 20 வீதம் மிக மெதுவாகவே ஏறும்.

காரணம் என்ன? வெறுமையான பஸ்ஸில் ஏறுபவர்கள் சட்டென்று அமர்ந்துவிடுவார்கள். ஆசனங்கள் நிறைந்த பின் ஏறுபவர் இடம் தேட வேண்டும். பெற்றரிக்குள் லித்தியம் துகள்களும் அப்படித்தான். நிரம்பும் நேரத்தில் பலவந்தமாகத் திணித்தால் அவை உலோகமாகப் படிந்து பெற்றரியைக் கெடுக்கும். அதனால் கார் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. சூடேறிய பெற்றரிக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. இந்த 40 அலகு லீஃப் காரின் பெற்றரியைக் குளிர்விக்கத் திரவ ஏற்பாடு இல்லாததால், நீண்ட பயணத்தில் இரண்டாம் முறை விரைவுச் சார்ஜ் செய்யும்போது தாமதமாகலாம். பயணத்தில் 80 வீதத்தோடு கழற்றிக்கொண்டு புறப்படுவது உங்களுக்கும் நல்லது, பின்னால் காத்திருப்பவருக்கும் நல்லது.

வாங்கும் முன்

முதல் தலைமுறை லீஃப் காரில் பெற்றரியின் ஆரோக்கியத்தைத் திரையின் வலப்புற ஓரத்திலுள்ள 12 சிறு கட்டங்கள் காட்டும். முதற்கட்டம் மறைந்தாலே சுமார் 15 வீதக் கொள்ளளவு போய்விட்டது என்று பொருள். இக்கட்டங்களையும் கருவி கொண்டு தற்காலிகமாக மீட்டுக் காட்ட முடியும் என்பதால், அதோடு திருப்தியடைய வேண்டாம்.

ஓட்டிப் பாருங்கள். புறப்படும்போது பெற்றரி வீதத்தையும், ஓடிய தூரம் காட்டும் மீற்றரையும் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, 48 கிலோமீற்றர் ஓடியதில் 40 வீதம் குறைந்திருந்தால் முழுச் சார்ஜுக்கு 120 கிலோமீற்றர். அதில் ஐந்தில் ஒரு பங்கை அவசரத்துக்கென ஒதுக்கினால் 96. உங்கள் அன்றாடத் தேவை அதற்குள் அடங்குமானால் அந்தக் கார் உங்களுக்குப் போதும். அடங்காவிட்டால், திரை 160 என்று காட்டினாலும் விலை பேசாமல் திரும்பி வாருங்கள்.