போர்க்காலத்தில் ஒரு வெற்றிப் பருவம்

அமெரிக்கத் தரைப்படைக்கு அதிகாரிகளை உருவாக்கும் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியின் கால்பந்து அணி, இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1944-ஆம் ஆண்டில் ஆடிய ஒன்பது ஆட்டங்களிலும் வென்று 504 புள்ளிகளைக் குவித்தது. எதிரணிகள் அனைத்தும் சேர்ந்து அதற்கெதிராக எடுத்தவை 35 மட்டுமே. பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும், எதிரணியின் கோட்டைக் கடந்து ஆறு புள்ளிகள் பெறுவதையே இலக்காகக் கொண்ட அமெரிக்கக் கால்பந்து இது.

இப்பெருவெற்றியைப் போர்க்காலச் சூழலிலிருந்து பிரித்துப் பார்ப்பது நியாயமாகாது. பிற கல்லூரிகளின் இளைஞர்கள் படையில் சேர்க்கப்பட்டுக் களத்தை விட்டு அகல, அதிகாரிப் பயிற்சியில் இருந்த மாணவர்களோ கல்லூரியிலேயே தங்கினர். முதலாண்டு மாணவர்களும் முதன்மை அணியில் ஆடலாம் என்ற போர்க்காலத் தளர்வும் கைகொடுத்தது. 1941-இல் பொறுப்பேற்ற பயிற்சியாளர் ஏர்ல் பிளெய்க், கிடைத்த வீரர்களை இரண்டு முழு அணிகளாக அமைத்து மாறிமாறிக் களமிறக்கியதால், சோர்ந்த எதிரணியின்மீது சோராத வீரர்கள் பாய்ந்தனர். நடுவழியே முட்டி மோதி முன்னேறும் டாக் பிளான்சர்டும், ஓரங்களில் மின்னலெனப் பாயும் கிளென் டேவிஸும் அவ்வணியின் உயிர்நாடிகள். ஆயினும் கல்லூரி தன் கல்வி ஒழுங்கை விளையாட்டுக்காகத் தளர்த்தவில்லை என்பதைக் குறிப்பிட்டே ஆகவேண்டும்: முதலாண்டில் கணிதத்தில் தேறாத டேவிஸ் வெளியேற நேர்ந்து, அப்பாடத்தைப் படித்துத் தேறிய பின்னரே 1944-இல் மீண்டும் சேர முடிந்தது.

1931-க்குப் பின் வெல்லவே முடியாதிருந்த நாட்டர் டேம் பல்கலைக்கழக அணியை 59–0 என வீழ்த்தியது பலரும் நினைவுகூரும் வெற்றி. ஆனால் வெஸ்ட் பாயிண்ட் அணியின் உண்மையான உரைகல், டிசம்பர் 2-இல் பால்டிமோரில் கடற்படைக் கல்லூரியுடன் நடந்த ஆட்டமே. அக்கல்லூரிக்கும் போர்க்காலம் அதே வசதியை அளித்திருந்ததால், எதிரணி மெலிந்திருந்தது என்ற காரணம் அங்கே செல்லாது; அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளும் அதனிடமே தரைப்படை தோற்றிருந்தது. போர்ச் செலவுக்காக அரசு வெளியிட்ட கடன் பத்திரங்களை வாங்கியோர்க்கே நுழைவுச் சீட்டு வழங்கப்பட்டதால், அந்த ஓர் ஆட்டமே 5 கோடி டாலருக்கு மேல் திரட்டித் தந்தது. மூன்றாம் கால்பகுதியில் கடற்படை 9–7 என நெருங்கிவந்த வேளையில், பிளான்சர்டு திரும்பத் திரும்பப் பந்தைச் சுமந்து கோட்டைக் கடந்தார். பின்னர் டேவிஸ் ஏறக்குறைய 50 கஜம் ஓடி முடிக்க, ஆட்டம் 23–7 என முடிந்தது. பசிபிக் போர்முனையிலிருந்த தளபதி மெக்கார்தர் உடனே வாழ்த்துத் தந்தி அனுப்பினார்.

அடுத்த ஆண்டும் தோல்வியே இல்லை. 1946-இல் மற்றக் கல்லூரிகளுக்கு வீரர்கள் திரும்பிவிட்ட நிலையில், நாட்டர் டேமுடனான ஆட்டம் 0–0 எனச் சமனில் முடிந்ததே மூன்றாண்டுகளில் அவ்வணி வெல்லாத ஒரே ஆட்டம். சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதை 1945-இல் பிளான்சர்டும் 1946-இல் டேவிஸும் பெற்றனர். பிளான்சர்டு பின்னர் விமானப் படையில் சேர்ந்து வியட்நாம் போரில் விமானியாகப் பணியாற்றினார்.