ஒற்றைப்படைத் தேதியில் சைக்கிளுக்கு வழியில்லை!

மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டக் கிளம்புகிறவர்கள் டயரில் காற்று இருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, பாட்டிலில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அமெரிக்காவின் தாஹோ ஏரிக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். காலண்டர்!

அங்கே தாஹோ மெடோஸ் என்ற புல்வெளியிலிருந்து தெற்கே டனல் கிரீக் வரை ஏறக்குறைய 15 கிலோமீட்டருக்கு ஓர் ஒற்றையடிப் பாதை போகிறது. தேதி 2, 4, 6 என்று இரட்டைப்படையாக இருந்தால் அதில் சைக்கிளை இறக்கலாம். 1, 3, 5 என்றால் அன்றைக்கு நடப்பவர்களுக்கும் குதிரையில் போகிறவர்களுக்கும் மட்டும்தான் வழி. மாதம் 31-ல் முடிந்தால் மறுநாள் 1-ம் தேதி. சைக்கிள்காரர்களுக்கு இரண்டு நாள் தொடர் விடுமுறை!

கேட்கச் சிரிப்பு வரும். ஆனால், கையகலப் பாதையை மூன்று தரப்பும் 'எனக்கு வேண்டும்' என்று கேட்டால், இதைவிட எளிமையாக எப்படிப் பங்கு பிரிப்பது?

மலை மேல் ஒரு கடல்

கலிஃபோர்னியா, நெவாடா என்ற இரண்டு மாநிலங்களின் எல்லையில், சியரா நெவாடா மலைத்தொடருக்குள் 6,225 அடி உயரத்தில் இருக்கிறது தாஹோ. நீளம் 35 கிலோமீட்டர், அகலம் 19 கிலோமீட்டர். ஆழம் 1,645 அடி. காலங்காலமாக இங்கே வாழ்ந்துவரும் வாஷோ பழங்குடி மக்கள் ஏரியை அழைத்த பெயர், பின்னால் வந்த வெள்ளைக்காரர்களின் வாயில் புரண்டு 'தாஹோ' ஆகிவிட்டது.

ஏரியைச் சுற்றியுள்ள மலைமுகடுகள் வழியாக 265 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது தாஹோ ரிம் டிரெயில். 1981-ல் வனத்துறை அதிகாரி கிளென் ஹாம்ப்டனுக்குத் தோன்றிய யோசனை இது. 1984-ல் வேலை தொடங்கி, 2001-ல்தான் வட்டம் முழுமையானது. மண்வெட்டியும் கடப்பாரையும் பிடித்தவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்.

இந்த வட்டத்தை நடந்து முடிக்கலாம். சைக்கிளில் முடிக்க முடியாது. மேற்குப் பக்கம் டெசலேஷன் வில்டர்னஸ் என்ற பாதுகாக்கப்பட்ட வனம் இருக்கிறது. இப்படிப்பட்ட வனங்களுக்குள் இயந்திரப் போக்குவரத்து எதுவும் கூடாது என்கிறது 1964-ம் ஆண்டுச் சட்டம். மோட்டாரே இல்லாத சைக்கிளும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. அதே மேற்குப் பக்கத்தில், மெக்ஸிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை போகும் பசிஃபிக் கிரெஸ்ட் டிரெயிலும் ரிம் டிரெயிலும் கொஞ்ச தூரம் ஒன்றாகவே ஓடுகின்றன. அங்கே 1988 முதல் சைக்கிளுக்குத் தடை. மிச்சமிருப்பது ஏறக்குறைய பாதி வட்டம்தான்.

இத்தனைக்கும் மவுன்டன் பைக் பிறந்த மண்ணே கலிஃபோர்னியாதான். 1970-களில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுன்ட்டியில், சில இளைஞர்கள் தடிமனான டயர் போட்ட பழைய சைக்கிள்களை மலைமேல் ஏற்றிக்கொண்டுபோய் மண்சரிவில் உருட்டிவிட்டு விளையாடினார்கள். 1976-ல் அது பந்தயமாகவே மாறியது. பெயர் 'ரீபேக்'. கீழே வந்து சேர்வதற்குள் பின் சக்கர பிரேக் சூடேறி, உள்ளே இருக்கும் கிரீஸ் எல்லாம் புகைந்து போய்விடும். ஒவ்வொரு முறையும் புதிதாக கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் வந்த பெயர் அது.

வெள்ளிச் சுரங்கம் விட்டுச் சென்ற பாதை

தாஹோவுக்கு வரும் சைக்கிள்காரர்கள் முதலில் விசாரிப்பது ஃப்ளூம் டிரெயிலைத்தான். பாறை முகத்தில் செதுக்கியதுபோல ஏழு கிலோமீட்டர் பாதை. ஒரு பக்கம் கிரானைட் சுவர். மறுபக்கம் சுமார் 1,500 அடிக்குக் கீழே நீலமாக விரிந்து கிடக்கும் ஏரி. வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு உயரத்தில் இருந்தாலும் பாதை கிட்டத்தட்ட சமதளம். மிதிப்பதற்குச் சிரமமே இல்லை.

காரணம், அதை வெட்டியவர்கள் சைக்கிளை மனதில் வைத்து வெட்டவில்லை. தண்ணீரை வைத்து வெட்டினார்கள்.

1859-ல் நெவாடாவில் காம்ஸ்டாக் வெள்ளிப் படிவம் கண்டுபிடிக்கப்பட்டது. வர்ஜீனியா சிட்டி என்ற ஊர் திடீரென முளைத்தது. வறண்ட மலை, தண்ணீரும் இல்லை, மரமும் இல்லை. சுரங்கம் இடிந்து விழாமல் முட்டுக்கொடுக்க மரம் வேண்டும். ஆயிரக்கணக்கான மக்கள் குடிக்கத் தண்ணீர் வேண்டும். இரண்டும் தாஹோ பக்கத்து மலைகளில் இருந்தன. மார்லெட் ஏரியில் அணை கட்டி, மலையோரமாக மரப்பலகைகளால் வாய்க்கால் அமைத்தார்கள். அந்த வாய்க்காலுக்குப் பெயர்தான் ஃப்ளூம். தண்ணீர் மெதுவாக ஓட வேண்டும் என்பதால் சரிவு கண்ணுக்கே தெரியாத அளவுக்குத்தான் வைத்தார்கள். பிறகு மலையையே குடைந்து ஏறக்குறைய 4,000 அடி நீளச் சுரங்கம் வழியாக மறுபக்கம் கொண்டுபோனார்கள். 'டனல் கிரீக்' என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

பக்கத்திலிருக்கும் இன்க்லைன் வில்லேஜின் கதையும் இதே ரகம். வெட்டிய மரங்களை மலைமேல் இழுத்துச் செல்ல 1880-ல் அங்கே போட்ட சாய்வு ரயில்தான் ஊருக்குப் பெயரானது. வெள்ளி தீர்ந்து கூட்டம் கலைந்தபோது, ஏரியைச் சுற்றியிருந்த காட்டின் பெரும்பகுதி மொட்டையடிக்கப்பட்டிருந்தது. இன்று நாம் பார்த்து மயங்கும் பைன் மரங்களில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு வளர்ந்தவை.

வாய்க்கால் கைவிடப்பட்டது. பலகைகள் உளுத்தன, பாதையை மரங்களும் கற்களும் மூடின. 1980-களில் மேக்ஸ் ஜோன்ஸ் என்ற சைக்கிள் பந்தய வீரர் கண்ணில் அது பட, அடைப்புகளை அப்புறப்படுத்தி சைக்கிள் போகும்படி ஆக்கினார். ஒரு காலத்தில் காட்டைத் தின்ற தொழில், தன்னையறியாமல் விட்டுப்போன சொத்து இது.

யாருக்கு யார் வழிவிடுவது?

ஃப்ளூம் டிரெயிலில் சில இடங்களில் எதிரே ஆள் வந்தால் ஒதுங்க இடமே இருக்காது. அதனால் தாஹோவில் எல்லோரும் மனப்பாடம் செய்துவைத்திருக்கும் வரிசை ஒன்று உண்டு. குதிரைக்கு எல்லோரும் வழிவிட வேண்டும். நடப்பவருக்கு சைக்கிள் வழிவிட வேண்டும். இறங்குகிற சைக்கிள், ஏறுகிற சைக்கிளுக்காக நிற்க வேண்டும். மூச்சிரைக்க ஏறிவருகிறவர் ஒருமுறை காலை ஊன்றிவிட்டால் மறுபடி கிளம்புவது எவ்வளவு கஷ்டம் என்பது ஏறியவர்களுக்குத் தெரியும்.

குதிரை விஷயத்தில் சும்மா நின்றால் போதாது. பேச வேண்டும்! ஹெல்மெட்டும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிற உருவம் என்ன மிருகமோ என்று குதிரை மிரளும். மனிதக் குரல் கேட்டால் அமைதியாகிவிடும். சத்தமாக வேண்டாம், 'வணக்கம், நல்லாயிருக்கீங்களா' என்கிற தொனியில் நாலு வார்த்தை போதும்.

சண்டை மனிதர்களுக்கு நடுவில் மட்டும் என்றால் இந்த விதிகளோடு முடிந்துவிடும். ஏரிக்கும் இதில் பங்கு இருக்கிறது. தாஹோவின் பெருமையே தெளிவுதான். வெள்ளைத் தட்டு ஒன்றைத் தண்ணீருக்குள் இறக்கி, எத்தனை அடி ஆழத்தில் அது கண்ணுக்கு மறைகிறது என்று 1968 முதல் அளந்துவருகிறார்கள். அந்த ஆண்டின் சராசரி 100 அடிக்கும் மேல். சமீப ஆண்டுகளில் 60, 70 அடியோடு நின்றுவிடுகிறது. மாவைப் போன்ற நுண்ணிய மண் துகள்கள் தண்ணீரில் மிதப்பது முக்கியக் காரணம். அதில் பெரும்பங்கு நகரச் சாலைகளிலிருந்து வருகிறது என்பதால் பழியை சைக்கிள் மேல் போடுவது நியாயமில்லை. ஆனாலும் பின் சக்கரத்தைப் பூட்டி வழுக்கிக்கொண்டே இறங்குகிறவர் கிளப்பும் புழுதி, அடுத்த மழையில் எங்கே போகும்? அதற்காகத்தான் அங்கே பாதை போடுகிறவர்கள் நடுநடுவே சின்ன மேடு பள்ளம் வைத்து மழைநீரைப் பக்கவாட்டில் காட்டுக்குள் திருப்பிவிடுகிறார்கள். வளைவுகளில் கல் பதிக்கிறார்கள். மண் சேறாக இருக்கும்போது ஓட்டாதீர்கள் என்கிறார்கள்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய பயம், தீ. 2021 ஆகஸ்ட்டில் கால்டார் காட்டுத்தீ நெருங்கியபோது தெற்குக் கரையிலிருக்கும் சவுத் லேக் தாஹோ நகரம் மொத்தமாகக் காலி செய்யப்பட்டது. காட்டுப் பாதைகளும் மூடப்பட்டன. கோடையின் பின்பகுதியில் போகிறவர்கள் கிளம்புமுன் புகை நிலவரம் பார்ப்பது இப்போது அங்கே சாதாரண வழக்கம்.

போகிறவர்களுக்கு...

முகடுகளில் ஜூன் வரைகூடப் பனி கிடக்கும். ஜூலை முதல் அக்டோபர் தொடக்கம் வரை நல்ல காலம். ஃப்ளூம் பயணத்தை ஸ்பூனர் ஏரியில் தொடங்குவார்கள். மார்லெட் ஏரி வரை சுமார் எட்டு கிலோமீட்டர் ஏற்றம்தான் உண்மையான சோதனை. ஏழாயிரம் அடிக்கு மேல் காற்று மெலிந்திருப்பதால் நல்ல ஆட்களுக்கே மூச்சு வாங்கும். வந்து இறங்கிய அன்றே ஏறாமல், ஒருநாள் ஏரிக்கரையில் ஓய்வெடுத்துவிட்டுப் போங்கள்.

உயரத்தைப் பார்த்தால் தலைசுற்றும் என்பவர்கள், ஃப்ளூமின் குறுகலான இடங்களில் இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போகலாம். யாரும் சிரிக்க மாட்டார்கள். நிறையப் பேர் அப்படித்தான் போகிறார்கள். ஏரியை ரசிக்க வேண்டுமா, நின்று ரசியுங்கள். ஓட்டிக்கொண்டே பார்க்கிற இடம் இல்லை அது.

கடைசியில் டனல் கிரீக் வழியாக மணல் நிறைந்த செங்குத்து இறக்கம். கரடிகள் உலவுகிற காடு என்பதால் சாப்பாட்டுப் பொட்டலத்தை சைக்கிளோடு விட்டுவிட்டு அந்தப் பக்கம் போகாதீர்கள். மொத்தம் 22 கிலோமீட்டர் ஓட்டி முடித்துக் கீழே வந்தால், காரை நிறுத்திய ஸ்பூனருக்கு உங்களையும் சைக்கிளையும் ஏற்றிச்செல்ல வேன் வசதி உண்டு. கிளம்பும்போதே அதில் இடம் சொல்லிவைத்துவிடுங்கள்.